வடிநீரைக் கொட்டாதீர்கள்: புரதச் செறிவூட்டலுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

அல்ட்ராஃபில்ட்ரேஷன் குழாயை (சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றும்போது நீரையும் சின்ன மூலக்கூறுகளையும் கீழே இறக்கிவிட்டு, புரதத்தைச் சவ்வுக்கு மேலே நிறுத்திவைக்கும் குழாய்) முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி இதுதான்: புரதம் எங்கே இருக்கிறது என்று அளந்து பார்க்கும்வரை எந்தத் திரவத்தையும் கொட்டாதீர்கள். சவ்வுக்கு மேலே நிற்கும் கரைசல், சவ்வைத் தாண்டிக் கீழே இறங்கிய வடிநீர், சவ்வின் முகம் ஆகிய மூன்று இடங்களில்தான் அது இருக்க முடியும். சவ்வு கிழிந்திருந்தாலும், அதன் துளை அளவைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும், புரதம் வடிநீரில் பத்திரமாகக் கிடக்கும். அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டால் பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, நிக்கல் பத்தியில் (புரதத்தைப் பிடித்துவைத்துத் தூய்மையாக்கும் குழலில்) ஏற்றி எடுத்த உழைப்பெல்லாம் அதோடு போய்விடும்.

அழகப்பா பல்கலைக்கழகம், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்று ஆய்வகங்களுக்குப் பேர்போன ஊர் காரைக்குடி. இங்கே திட்டப்பணிக்குச் சேரும் முதுகலை மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆனாலும் சவ்வுக் குழாய்கள் நம் ஊர்க் கடையில் கிடைப்பவை அல்ல. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வர வேண்டும். ஒரு பெட்டியைப் பாழாக்கினால் அடுத்தது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே உங்கள் அரிய புரதத்தில் கைவைக்கும் முன், முட்டை வெள்ளைக்கருவில் ஓட்டிப் பழகுங்கள். அதற்கான முறையைப் பின்னால் தந்திருக்கிறேன்.

சவ்வு என்ன செய்யும், என்ன செய்யாது

1960 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் இருவரும் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஒரு செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வை உருவாக்கினார்கள். மேலே மிக மெல்லிய தோல், அதைத் தாங்கிக் கீழே துளைகள் நிறைந்த தடித்த அடுக்கு. பிரிக்கும் வேலை முழுவதும் அந்தத் தோலில்தான் நடக்கிறது. புரதத்துக்காக இன்று நாம் வாங்கும் சவ்வுகளும் இதே அமைப்பைக் கொண்டவையே.

சவ்வின் மேல் 10, 30, 50, 100 என்று கிலோடால்ட்டனில் (மூலக்கூறு எடையின் அலகு) எண் போட்டிருக்கும். இதைத்தான் ஆய்வகத்தில் கட்-ஆஃப் என்கிறோம். 30 என்றால் 30-க்கு மேற்பட்டவை அனைத்தும் நிற்கும், கீழ்ப்பட்டவை அனைத்தும் இறங்கும் என்று பொருள் அல்ல. ஏறக்குறைய அந்த எடையுள்ள உருண்டை வடிவப் புரதத்தில் 90 விழுக்காட்டை அது நிறுத்தும் என்பதே வழக்கமான பொருள். மீதி 10 விழுக்காடு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். துளைகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. தவிர, நிறுவனத்துக்கு நிறுவனம் சோதிக்கும் முறையும் வேறு.

இதிலிருந்து என் உறுதியான கருத்து ஒன்று: இந்தச் சவ்வை நம்பி ஒரு புரதத்தை இன்னொரு புரதத்திலிருந்து பிரிக்க முயலாதீர்கள். எடையில் பத்து மடங்காவது வித்தியாசம் இருந்தால் ஓரளவு பிரியும். 40 கிலோடால்ட்டனையும் 60 கிலோடால்ட்டனையும் பிரிக்க வேண்டுமென்றால் மூலக்கூறுகளை அளவுப்படி பிரிக்கும் ஜெல் வடிகட்டல் பத்தியிடம் போங்கள். உப்பு, இமிடசோல் (நிக்கல் பத்தியிலிருந்து புரதத்தை விடுவிக்கச் சேர்ப்பது), நியூக்ளியோடைடு போன்ற சின்ன மூலக்கூறுகளை வெளியேற்றுவதும், நீரைக் குறைப்பதும்தான் சவ்வு கெட்டிக்காரத்தனமாகச் செய்யும் வேலைகள்.

எந்தக் குழாயை எடுப்பது

உங்கள் புரதத்தின் எடையில் பாதி அல்லது மூன்றில் ஒரு பங்கு கட்-ஆஃப் உள்ள சவ்வை எடுங்கள். 27 கிலோடால்ட்டன் பச்சை ஒளிர்புரதத்துக்கு 10. 66 கிலோடால்ட்டன் மாட்டு ஆல்புமினுக்கு 30. 150 கிலோடால்ட்டன் ஐஜிஜி எதிர்ப்பொருளுக்கு 50. இதைவிடச் சிறியதை எடுத்தால் புரதம் வடிநீரில் தப்பிப் போகாது; ஆனால் ஓட்டம் நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும், நேரம் நீள நீளப் புரதம் திரளும் வாய்ப்பும் கூடும்.

எடை என்று நான் சொல்வது கரைசலில் அது எந்த உருவில் இருக்கிறதோ அந்த எடை. ஜிஎஸ்டி (குளூட்டத்தயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ்) போன்ற புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்தே இருப்பவை. புரதங்களைக் குலைத்துத் தனித்தனிச் சங்கிலிகளாக எடைப்படி ஓட்டும் எஸ்டிஎஸ் ஜெல்லில் தெரியும் பட்டையின் எடையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மறுபக்கம், நீண்டு மெலிந்த புரதமும் மடிப்பற்ற புரதமும் தங்கள் எடைக்கு உரிய விதிக்கு அடங்குவதில்லை. அவற்றுக்கு ஒரு படி சிறிய கட்-ஆஃப் எடுத்து, வடிநீரை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சவ்வின் பொருளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். மறுஉருவாக்க செல்லுலோஸ் புரதத்தைக் குறைவாக ஒட்டவைக்கும். நீர்த்த கரைசலுக்கு அதுவே நல்லது. பாலிஈதர்சல்ஃபோன் வேகமாக வடிக்கும், காரத்தைத் தாங்கும். ஆனால் சற்றுக் கூடுதலாக ஒட்டும். மில்லிக்கு 25 மைக்ரோகிராமுக்கும் குறைவாகப் புரதம் இருந்தால் செல்லுலோஸைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

டிரைட்டன் எக்ஸ்-100 போன்ற டிடர்ஜென்ட் சேர்த்திருப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். அதன் ஒரு மூலக்கூறு 650 டால்ட்டன் அளவுதான். ஆனால் கரைசலில் அவை கூட்டமாகத் திரண்டு 90 கிலோடால்ட்டனை நெருங்கும் மிசெல் ஆகிவிடும். 30 சவ்வில் போட்டால் புரதத்தோடு சேர்ந்து டிடர்ஜென்டும் செறிந்துகொண்டே போகும். இறங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

தயாரிப்பு

புதுச் சவ்வில் காய்ந்துபோகாமல் இருக்கக் கிளிசரின் தடவியிருப்பார்கள். அது சில அளவீடுகளைக் குழப்பும். குழாய் நிறைய நன்னீரோ பஃபரோ (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) ஊற்றி ஒரு முறை சுழற்றிக் கொட்டுங்கள் (இந்த ஒன்றை மட்டும் தாராளமாகக் கொட்டலாம்). இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு சுற்று, பிறகு பஃபரில் ஒரு சுற்று. நனைத்த சவ்வு மீண்டும் காயக் கூடாது. மேலே கொஞ்சம் நீர் நிற்கட்டும். காய்ந்தால் துளைகள் சுருங்கிவிடும்.

நன்னீர் என்று சொல்லும்போது வடித்து அயனி நீக்கிய நீரைத்தான் சொல்கிறேன். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், நானும் பேசுவேன். அந்த ருசி கரைந்த உப்புகளிலிருந்து வருவது. பஃபருக்குள் அதற்கு இடமில்லை.

கலங்கிய கரைசலை ஒருபோதும் சவ்வில் ஊற்றாதீர்கள். 10,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப்போல் 10,000 மடங்கு) பத்து, பதினைந்து நிமிடம் சுழற்றி, தெளிந்ததை மட்டும் 0.45 அல்லது 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டு எடுங்கள். செல் குப்பையும் திரண்ட புரதமும் சவ்வின் முகத்தில் படிந்தால் அப்புறம் எத்தனை மணி நேரம் சுழற்றினாலும் நீர் இறங்காது.

சுழற்றுதல்

பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் வருகின்றன.

முதலில் விசையைப் புரிந்துகொள்ளுங்கள். குழாயின் கையேடு ஜி-யில் சொல்லும். பழைய சென்ட்ரிஃப்யூஜின் முகப்போ நிமிடச் சுற்றில்தான் காட்டும். 4,000 ஜி என்பதை 4,000 சுற்று என்று படித்துவிட்டு, ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர்கள் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. கணக்கு எளிது: நிமிடச் சுற்றின் வர்க்கத்தை ரோட்டரின் ஆரத்தால் (சென்டிமீட்டரில்) பெருக்கி, அதை 0.00001118-ஆல் பெருக்கினால் ஜி கிடைக்கும். 16 சென்டிமீட்டர் ஆரமுள்ள ரோட்டரில் 4,000 ஜி வேண்டுமென்றால் ஏறக்குறைய 4,730 சுற்று. இந்த எண்ணை உங்கள் ரோட்டருக்குக் கணக்கிட்டு இயந்திரத்தின் மூடியிலேயே ஒட்டிவையுங்கள்.

15 மில்லி குழாய்களுக்குப் பொதுவாக ஆடும் வாளி ரோட்டரில் 4,000 ஜி, சாய்ந்த ரோட்டரில் 5,000 ஜி என்பது உச்ச வரம்பு. அரை மில்லி குழாய்கள் 14,000 ஜி வரை தாங்கும். உங்கள் பெட்டியில் உள்ள கையேடு என்ன சொல்கிறதோ அதுவே இறுதி. வரம்பை மீறினால் சவ்வு பிய்ந்துகொள்ளும். சாய்ந்த ரோட்டரில் வைக்கும்போது சவ்வு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பி வைத்தால் ஓட்டம் குறையும். எதிர்ப்பக்கத்துக்கு அதே வகைக் குழாயில் நீர் ஊற்றி, தராசில் எடை பார்த்துச் சமப்படுத்துங்கள். கண்ணளவு போதாது.

சித்திரை வைகாசியில் நம் ஊர் ஆய்வக அறை 35 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். ரோட்டரை உள்ளே வைத்து அரை மணி நேரம் முன்பே 4 டிகிரிக்குக் குளிரவிடுங்கள். குளிரில் நீர் பிசுபிசுப்பாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்: 25 டிகிரியில் அரை மணியில் முடிவது 4 டிகிரியில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் இழுக்கும். கிளிசரால் சேர்த்த பஃபர் இன்னும் மெதுவாக இறங்கும். உறுதியான புரதமென்றால் 15, 20 டிகிரியில் வேகமாக முடிப்பது புத்திசாலித்தனம். நொய்ந்த புரதமென்றால் குளிரும் பொறுமையும்.

இப்போது முக்கியமான இடம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் சுழற்ற வேண்டாம். ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, வெளியே எடுத்துப் பார்த்து, மேலே உள்ள கரைசலைப் பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்கிக் கலக்குங்கள். காரணம் உண்டு. நீர் சவ்வை நோக்கி ஓடும்போது புரதத்தையும் இழுத்துச் செல்கிறது. நீர் தாண்டிவிடுகிறது, புரதம் வாசலில் குவிகிறது. குழாயின் நடுவில் மில்லிக்கு 5 மில்லிகிராம் இருக்கும் நேரத்தில் சவ்வின் முகத்தில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். அங்கேதான் புரதம் திரண்டு படலமாகிறது. அந்தப் படலமே இரண்டாவது சவ்வாகி ஓட்டத்தை அடைக்கிறது. கலக்கிவிட்டால் குவியல் கலைகிறது. பிப்பெட் முனை சவ்வைத் தொடக் கூடாது. நுரை எழும்பவும் கூடாது, நுரையிலும் புரதம் கெடும்.

நிறுத்தும் ஒவ்வொரு முறையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெண்புகை படர்ந்தாற்போலோ நூல் நூலாகவோ தெரிந்தால் உடனே பஃபர் சேர்த்து நீர்க்கவிட்டு, விசையைக் குறைத்து, காரணத்தைத் தேடுங்கள். பஃபரின் பி.எச். அந்தப் புரதத்தின் சமமின் புள்ளியிலிருந்து (நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் பி.எச்.) ஒரு அலகாவது தள்ளி இருக்கிறதா? உப்பு மிகக் குறைவா? 150 முதல் 300 மில்லிமோலார் சோடியம் குளோரைடும், 5 முதல் 10 விழுக்காடு கிளிசராலும் பல புரதங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. அப்படியும் திரண்டால், அந்தப் புரதத்துக்கு அவ்வளவு செறிவு ஒத்துவராது என்று ஏற்றுக்கொண்டு முன்னதாகவே நிறுத்துங்கள்.

மின்தடை பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் நாளைச் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள். நடுவில் திடீரென நின்றாலும் பதற வேண்டாம்: ரோட்டர் தானாகச் சுற்றி ஓயும். நன்றாக ஓய்ந்த பிறகே மூடியைக் கையால் திறக்கும் வழியைப் பயன்படுத்தி, குழாயை எடுத்துப் பனிக்கட்டியில் வையுங்கள். மின்சாரம் திரும்பும்போது இயந்திரம் தானாகத் தொடரும் என்று நம்பிப் போய்விடாதீர்கள்.

பஃபர் மாற்றுதல்

இமிடசோலையோ உப்பையோ வெளியேற்ற, கரைசலைக் குறைத்து, புதுப் பஃபர் ஊற்றி, மீண்டும் குறைக்க வேண்டும். 5 மில்லியில் 250 மில்லிமோலார் இமிடசோல் இருக்கிறது என்று வையுங்கள். அரை மில்லிக்குக் குறைத்து, 5 மில்லிக்கு நிரப்பினால் 25. மறுபடி செய்தால் 2.5. மூன்றாவது முறை 0.25. மாறாக, அரை மில்லிக்குக் குறைத்தபின் குழாயின் முழுக் கொள்ளளவான 15 மில்லிக்கு நிரப்பினால் ஒரே முறையில் 8.3-க்கு வரும், இரண்டே முறையில் 0.28. ஒவ்வொரு சுற்றும் நீளமானாலும் புரதத்தை வறண்ட நிலைக்குக் கொண்டுபோகும் தடவை குறைகிறது. நான் இரண்டாவது வழிக்காரன்.

அதிக உப்பிலிருந்து உப்பே இல்லாத பஃபருக்கு ஒரே தாவலில் போகாதீர்கள். பாதி உப்பில் ஒரு சுற்று விட்டுப் போங்கள். ஒவ்வொரு சுற்றின் வடிநீரையும் தனித்தனிக் குழாயில் எண்ணிட்டு வையுங்கள். கடைசிச் சுற்றின் வடிநீரில் உங்கள் புரதம் கரைந்திருக்கும் அதே பஃபர் இருப்பதால், புரதம் தப்பவில்லை என்று பிராட்ஃபோர்டு சாயச் சோதனையில் உறுதிசெய்துகொண்டபின், 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலால் புரதத்தை அளக்கும்போது பூஜ்யத்துக்கு அதையே வைக்கலாம். இமிடசோலே 280-இல் கொஞ்சம் ஒளியை உறிஞ்சும் என்பதால் இது வீண் சிரத்தை அல்ல.

எடுத்தலும் கணக்கும்

அரை மில்லி குழாயைத் தலைகீழாகப் புதுக் குழாயில் செருகி 1,000 ஜி-யில் இரண்டு நிமிடம் சுழற்றினால் செறிவுக் கரைசல் இறங்கிவிடும். பெரிய குழாயில் மெல்லிய முனையுள்ள பிப்பெட்டை அடிவரை விட்டு, இருபுறமும் அசைத்து உறிஞ்சுங்கள். பிறகு 50 அல்லது 100 மைக்ரோலிட்டர் பஃபரால் சவ்வின் முகத்தை அலசி, அதைத் தனியாக வையுங்கள். உடனே சேர்த்தால் நீர்த்துவிடும். அளந்தபின் சேர்ப்பதா என்று முடிவு செய்யலாம்.

அடுத்தது, நம் ஊர்ப் பெட்டியடியில் மாலைக்குள் பற்றும் வரவும் ஒட்டியாக வேண்டும் என்பதைப் போல, புரதத்துக்கும் ஒரு கணக்கு. 10 மில்லியில் மில்லிக்கு 0.8 மில்லிகிராம் என்றால் வரவு 8 மில்லிகிராம். செறிவுக் கரைசல் 0.6 மில்லி, மில்லிக்கு 11 மில்லிகிராம் என்றால் 6.6. வடிநீர் 9.4 மில்லியில் 0.05 வீதம் 0.47. அலசிய 0.1 மில்லியில் 3 வீதம் 0.3. கூட்டினால் 7.37. மீதி 0.63 மில்லிகிராம் சவ்வில் ஒட்டியிருக்கிறது அல்லது திரண்டு கெட்டிருக்கிறது. இது கவலைப்பட வேண்டிய இழப்பல்ல. வடிநீரில் 2 மில்லிகிராம் வந்திருந்தால் கட்-ஆஃப் தவறு அல்லது சவ்வு ஓட்டை. வடிநீரில் எதுவுமில்லாமல் மூன்று மில்லிகிராம் காணவில்லை என்றால் ஒட்டுதலோ திரளலோதான். அப்போது சவ்வின் பொருளையும் பஃபரையும் மாற்ற வேண்டும். கணக்கு எழுதாதவருக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. புதுக் குழாயை எடுத்து அதே தவறைத் திரும்பச் செய்வார்.

முட்டையில் ஒத்திகை

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள் என்பது இங்கே எல்லோரும் அறிந்தது. அந்த வெள்ளைக்கருவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புரதம். அதில் பாதிக்கு மேல் 45 கிலோடால்ட்டன் ஓவால்புமின். மூன்று, நான்கு விழுக்காடு 14.3 கிலோடால்ட்டன் லைசோசைம்.

0.2 மில்லி வெள்ளைக்கருவை, 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு சேர்த்த 20 மில்லி பாஸ்பேட் பஃபரில் மெதுவாகக் கலக்குங்கள். மில்லிக்கு ஒரு மில்லிகிராம் அளவில் புரதம் கிடைக்கும். உப்பு அவசியம்: அது இல்லாவிட்டால் நேர்மின்னூட்டமுள்ள லைசோசைம் எதிர்மின்னூட்டமுள்ள மற்றப் புரதங்களைப் பற்றிக்கொண்டு மேலேயே தங்கிவிடும். சுழற்றித் தெளியவைத்து, 15 மில்லியை 30 கிலோடால்ட்டன் குழாயில் விட்டு, மேலே சொன்னபடி நிறுத்தி நிறுத்தி ஒரு மில்லிக்குக் குறையுங்கள். மேல்பகுதியையும் வடிநீரையும் ஜெல்லில் ஓட்டுங்கள். வடிநீரில் லைசோசைம் இருப்பதை மைக்ரோகாக்கஸ் பாக்டீரியாக் கலங்கலில் (லைசோசைம் அதன் செல்சுவரை உடைக்கும்) ஒரு சொட்டு விட்டு, 450 நானோமீட்டரில் கலங்கல் தெளிவதைப் பார்த்தும் உறுதிசெய்யலாம்.

வடிநீர் வரிசையில் 45-க்கு நேரே ஒரு மங்கலான பட்டை தெரிந்தால் வியக்க வேண்டாம். 45-க்கு 30 என்பது நெருக்கமான கட்-ஆஃப். மேல்பகுதியிலும் கொஞ்சம் லைசோசைம் மிஞ்சியிருக்கும். அதே கரைசலை 10 கிலோடால்ட்டன் குழாயிலும் ஓட்டி இரண்டு ஜெல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அளவு பெரிதானால்

நூறு மில்லிக்கு மேல் போனால் இந்தக் குழாய்களில் மாரடிக்காதீர்கள். நைட்ரஜன் அழுத்தத்தில் இயங்கும் கலக்குக் கலம் நல்லது. உள்ளே காந்தக் கம்பி சுழன்று சவ்வின் முகத்தைத் தொடர்ந்து அலசிக்கொண்டிருக்கும். வட்டச் சவ்வைப் பளபளப்பான பக்கம் கீழே இருக்குமாறு நீரில் ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு, மூன்று முறை நீரை மாற்றிக் கிளிசரினைப் போக்குங்கள். கலத்தில் பொருத்தும்போது அதே பக்கம் மேலே, கரைசலை நோக்கி. கலத்தின் அழுத்த வரம்பைத் தாண்டாதீர்கள். சிலிண்டரின் அழுத்தக் குறைப்பானைத் திறக்கும்போது மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். லிட்டர் கணக்கென்றால் கரைசல் சவ்வின் குறுக்கே ஓடும் தொடுகோட்டு ஓட்டக் கருவிதான் வழி. அது தனியே கற்க வேண்டிய வேலை.

மறுபடி பயன்படுத்தலாமா

இவை ஒரு முறைக்கே என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். பணமும் தூரமும் காரணமாகப் பல ஆய்வகங்கள் மறுபடி பயன்படுத்துகின்றன. செய்பவர்கள் ஒழுங்காகச் செய்யட்டும். ஒரு குழாய் ஒரு புரதத்துக்கு மட்டுமே. பெயரையும் தேதியையும் அழியாத மையில் எழுதுங்கள். வேலை முடிந்ததும் பஃபரால் அலசி, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் கால் மணி நேரம் ஊறவைத்து, நீரால் நன்றாகக் கழுவி, 20 விழுக்காடு எத்தனாலில் மூழ்கவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். பிளீச்சிங் கரைசல் செல்லுலோஸைத் தின்றுவிடும், வேண்டாம். அடுத்த முறை எடுக்கும்போது எத்தனாலைப் போக்கியபின், 2,000 கிலோடால்ட்டன் எடையுள்ள நீல டெக்ஸ்ட்ரானை (சாயமேற்றிய பெரிய சர்க்கரைச் சங்கிலி) நீர்க்கக் கரைத்து ஒரு மில்லி விட்டுச் சுழற்றுங்கள். வடிநீரில் துளி நீலம் தெரிந்தாலும் அந்தக் குழாய் குப்பைக்கு.